மாடிப்படிக்கு அடியில் கேஸ் நிரப்பும் கடையை மூடக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
உணவுப்பொருள் வழங்கல் உதவி ஆணையர் அவர்கள்,
மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: வீட்டு உபயோக சிலிண்டரிலிருந்து சிறு சிலிண்டர்களுக்குக் கள்ளத்தனமாக கேஸ் நிரப்புவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால், தீபாவளி சமயத்தில் சைக்கிள்கூட நுழைய முடியாத எங்கள் சந்து தாங்கள் அறிந்ததே. அங்குள்ள மூன்று மாடிக் குடியிருப்பின் தரைத்தளக் கடையைப் பற்றி முன்பே எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லாததால் மறுபடியும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. பெயருக்கு அது அடுப்பு ரிப்பேர் கடை. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, 14.2 கிலோ சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, டியூப் மாட்டிச் சின்ன சிலிண்டர்களில் நிரப்புகிறார்கள். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குத் திருப்பக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஆணையே இருக்கிறது.

2. சூட்டில் கேஸ் விரிவதற்கு சிலிண்டருக்குள் இடம் விட வேண்டும். இங்கே கழுத்துவரை நிரப்பிக் கொடுக்கிறார்கள். சித்திரை வெயிலில் அது தள்ளுவண்டி அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

3. ஐயா, எங்களை உறங்கவிடாதது அந்த மாடிப்படிதான். எல்லாக் குடும்பங்களுக்கும் ஏற, இறங்க அது ஒன்றே வழி. அதன் அடியில்தான் நிரப்புகிறார்கள். சமையல் கேஸில் இருக்கும் புரோப்பேன், பியூட்டேன் இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாது, படிக்கட்டின் அடியிலும் சாக்கடையிலும் தேங்கி நிற்கும். திரவமாக ஒரு லிட்டர் கசிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகப் பரவும். வாடை வந்ததுமே ஜன்னலைத் திறந்து வைத்து, லைட் ஸ்விட்சைத் தொடாமல், குழந்தைகளை இருட்டில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கேஸ் கசிந்தால் வெளியே ஓடு என்கிறார்கள். எந்த வழியாக ஓடுவது, ஐயா? இரண்டாம் மாடியில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவரை யார் தூக்கிக்கொண்டு, எந்தப் படியில் இறங்குவது? ஏஜென்சி மெக்கானிக் வந்து எங்கள் ரெகுலேட்டர், டியூப் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "உங்க வீட்டுல லீக் இல்லம்மா, கீழேருந்து வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே இருப்பதைச் சோதிக்க யாருமே வரவில்லை.

4. கடைவாசலை ஒட்டியே இஸ்திரி வண்டி, கரி நெருப்போடு.

5. அந்தச் சின்ன சிலிண்டர்களை வாங்கும் தள்ளுவண்டிக்காரர்கள் பிழைப்பைக் கெடுக்க நாங்கள் கேட்கவில்லை. வீட்டு முகவரிச் சான்று இல்லாமலே, அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் முறையாக வாங்கலாம். அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லி வாங்கித் தரக்கூடாதா? மனு கொடுத்தால் சீல் குத்தி வாங்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். வெடித்த பிறகு வந்து பார்வையிட்டு என்ன பயன்? கோபத்தில் எழுதுகிறோம், பொறுத்தருள வேண்டும், பயம் அப்படி.

ஆகவே, முன்கூட்டிச் சொல்லாமல், பகலில் அல்ல, இரவு பத்து மணிக்கு மேல் நேரில் வந்து சோதனை செய்து, சிலிண்டர்களைப் பறிமுதல் செய்து, அந்த இடத்தில் இனி கேஸ் நிரப்பாமல் தடுக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து வாருங்கள், ஐயா. ஒரே ஒரு ராத்திரி வந்து அந்தப் படியடியில் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்பு வாசிகள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)