செம்பவாங்கில் வீடு தேடும் உன் அண்ணன் மகனுக்காக

செம்பவாங், சிங்கப்பூர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. கண் அறுவை சிகிச்சையால்தான் பதில் தாமதமாகிவிட்டது. நல்லபடியாக முடிந்தது. நிறுத்தத்துக்கு வரும் பஸ்ஸின் எண்ணை இப்போது தூரத்திலிருந்தே படித்துவிடுகிறேன். உன் முழங்கால் வலியை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. பெர்த்தின் குளிரில் காலையில் வெறுந்தரையில் நடக்காதே.

கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. உன் அண்ணன் மகன் இங்குள்ள கேன்பரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நான்கறை வீட்டைப் பார்த்திருக்கிறான், ஆறு லட்சம் வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள், “செம்பவாங்கிலா? நம் செம்பவாங்கிலா?” என்று எழுதியிருந்தாய். ஆமாம், தீவின் வடகோடியில் இருக்கும் நம் செம்பவாங்கில்தான்.

உன் வியப்பு எனக்குப் புரிகிறது. 1982இல் என்னைப் பெண் பார்க்கக் குவீன்ஸ்டவுனிலிருந்து வந்தவர்கள், வந்து சேர்வதற்குள் களைத்துப்போனார்கள். காப்பியைக் கையில் வாங்கும் முன்பே என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, “இதற்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர்தானே?” என்பது. டாக்சிக்காரர்கள் “உலு”, அதாவது ஒதுக்குப்புறம், என்று சொல்லிவிட்டு நிற்காமல் போவார்கள். 1988இல் ரயில் யீஷூன் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. நமக்கு வந்து சேர 1996 பிப்ரவரி ஆயிற்று. அதன் பிறகும் இது வேறு வழியில்லாதவர்கள் வீடு வாங்கும் ஊராகத்தான் இருந்தது. 1999இல் நாங்கள் இங்கே ஐந்தறை வீடு வாங்கியபோது, தெம்பனிஸில் இருந்த என் நாத்தனார் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தாள்.

இப்போது என்ன மாறிவிட்டது என்று கேட்கிறாய். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாதையில், யீஷூனுக்கும் செம்பவாங்குக்கும் நடுவே, 2019 நவம்பரில் கேன்பரா நிலையத்தைத் திறந்தார்கள். இதனால் ரயில் வேகமாகிவிடவில்லை. செம்பவாங்கில் ஏறும் எனக்கு ஒரு நிறுத்தம் கூடியதுதான் மிச்சம். நகர மையத்திலுள்ள ராஃபிள்ஸ் பிளேஸ் போக இன்றும் முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் அந்த நிலையத்தைச் சுற்றி எழுந்த புளோக்குகளுக்கு ‘ரயிலடி வீடு’ என்ற பெயர் வந்துவிட்டது. கொரோனா காலத்தில் புது வீடுகளின் கட்டுமானம் தாமதப்பட்டதும், கல்யாணத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் மறுவிற்பனை வீடுகளின் பக்கம் திரும்பினார்கள். தீவின் நடுவே இருக்கும் தோ பாயோவிலும் பீஷானிலும் விலை கைக்கு எட்டவில்லை. வடக்கே வந்தார்கள். விரும்பி வந்தவர்களைவிடத் தள்ளப்பட்டு வந்தவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். வந்த பிறகு பிடித்துப்போனது உண்மை. பிடிக்காமல் எப்படிப் போகும்? கடல் இருக்கிறது, மரம் இருக்கிறது, இருட்டினால் ஊர் அடங்குகிறது.

நாம் சிறுமிகளாக வேலிக்கு வெளியே நின்று பார்ப்போமே, ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் அந்தப் பெரிய மாளிகை, அது 2002இல் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. இன்று அதைச் சுற்றி ‘புக்கிட் கேன்பரா’ என்ற வளாகம் எழுந்திருக்கிறது. நீச்சல் குளம், பலதுறை மருந்தகம், 2022 இறுதியில் திறந்த உணவங்காடி நிலையம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நம் அப்பாக்கள் அனுமதிச் சீட்டைக் காட்டினால்தான் காவலர் உள்ளே விட்ட கடற்படைத் தளம் அது. அந்தக் குன்றின் மேல் இன்று யார் வேண்டுமானாலும் ஏறுகிறார்கள். முதல் நாள் ஏறியபோது அப்பாவை நினைத்துக் கண் கலங்கியது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

வெந்நீர் ஊற்றும் மாறிவிட்டது. வாளியும் குவளையுமாகப் போய் நின்ற இடம் 2020 ஜனவரியிலிருந்து பூங்காவாகிவிட்டது. கால் நனைக்கப் படிப்படியாகக் குளம் கட்டியிருக்கிறார்கள், முட்டை அவிக்கவும் தனி இடம் இருக்கிறது. வார இறுதியில் அங்கே உட்கார இடம் கிடைப்பது கடினம்.

ஆனால் எல்லாமே எல்லோருக்கும் கூடுதலாக வந்துவிடவில்லை. 167ஆம் எண் பஸ் உனக்கு நினைவிருக்கும். செம்பவாங்கிலிருந்து அப்பர் தாம்சன் சாலை வழியாகப் புக்கிட் மேரா வரை போகும். தாம்சன் ரயில் பாதை வந்ததும் அதில் ஆள் குறைந்துவிட்டது என்று 2023 இறுதியில் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மக்கள் வருந்திக் குரல் கொடுத்த பிறகு, அரை மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஓடவிட்டார்கள். ரயிலை நோக்கி வருகிறவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. படிக்கட்டுக்கும் நீண்ட நடைக்கும் அஞ்சும் என் வயதுக்காரர்களுக்கு, ஏறிய இருக்கையிலேயே உட்கார்ந்து இறங்கும் இடம்வரை போவது எவ்வளவு பெரிய நிம்மதி! ஓர் ஊரின் மதிப்பை ரயிலடிக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும் அளக்கும்போது, இப்படிப்பட்டவர்கள் கணக்கில் விழுவதில்லை.

விலையைப் பற்றிக் கேட்டாய். என் வீட்டின் மதிப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது என்று முகவர்கள் வாரந்தோறும் கதவிடுக்கில் அட்டை செருகிவிட்டுப் போகிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விற்றால் வேறெங்கோ அதே உயர்ந்த விலையில்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். என் மகளோ மேற்கே சுவா சூ காங்கில் இருக்கிறாள். என் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசையும்தான். பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அவளும் மாப்பிள்ளையும் சேமித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்டுகளில் ஏறிய விலை அந்த மானியத்தை விழுங்கிவிட்டது. என் வீடு விலை ஏற ஏற என் மகள் எனக்குத் தூரமாகிறாள். யாரிடம் சொன்னாலும் “உங்களுக்கு லாபம்தானே, அக்கா” என்கிறார்கள்.

என் தம்பிக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று அவன் தன் வீட்டை விற்க முனைந்தான். எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் விற்க நினைத்து மூன்றே வாரத்தில் முடித்துவிட்டது. தம்பிக்கு எட்டு மாதம் ஆயிற்று. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) புளோக் ஒவ்வொன்றிலும் எந்த இனத்தவர் எந்த விகிதம் வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அந்தப் புளோக்கில் சீனர்களுக்கான விகிதம் நிரம்பியிருந்ததால், சீனர் வீட்டைச் சீனர் வாங்கலாமே தவிர, இந்தியனான தம்பியிடம் சீனர் யாரும் வாங்க இயலாது. நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூவர் சீனர். அவர்களை விலக்கிவிட்டால் கதவைத் தட்ட எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? கடைசியில் எதிர்வீட்டைவிடக் குறைந்த விலைக்குத்தான் கொடுத்தான். மாடியும் ஒன்று, அளவும் ஒன்று. நாளிதழில் வரும் ‘செம்பவாங் விலை’ அவனுக்குரிய விலையாக இருக்கவில்லை.

இந்த வரம்பை வைத்த, 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையை நான் குறை சொல்லமாட்டேன். என் இடப்பக்கம் மலாய்க் குடும்பம், வலப்பக்கம் சீனப் பாட்டி. நான் அறுவை சிகிச்சைக்குப் போன அன்று பாட்டிதான் கஞ்சி வைத்து எடுத்து வந்தார். சேர்ந்து வாழ்வதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அதற்கான செலவு சிறுபான்மையினர் வீட்டை விற்கும் நாளில் அவர்கள் தலையில் கூடுதலாக விழுகிறது. 2022 மார்ச் முதல், இப்படி மாட்டிக்கொண்டவர்களில் தகுதி உள்ளவர்களின் வீட்டை அரசே வாங்கிக்கொள்ள ஒரு வழி செய்திருக்கிறார்கள். உன் அண்ணன் மகன் வாங்கும்போதே இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். ஐந்து ஆண்டு இருந்துவிட்டு லாபத்துக்கு விற்றுவிடலாம் என்று யாராவது அவனிடம் சொன்னால், அந்தப் புளோக்கின் விகிதத்தை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்.

இனி வரப்போவது இன்னும் பெரிது. செம்பவாங் வடக்கு என்று புதிதாகச் சுமார் 10,000 வீடுகள் எழவிருக்கின்றன. அவற்றில் 8,000 வீவக வீடுகள். கப்பல் பட்டறை இங்கிருந்து போன பிறகு, அந்தக் கரையிலும் வீடுகளும் உலாவும் இடங்களும் வரப்போகின்றன. 1938இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் துறை அங்கேதான் இருக்கிறது. உன் அப்பாவும் என் அப்பாவும் வெயிலில் துரு சுரண்டிய இடம். 1971க்குள் போய்விடுவோம் என்று ஆங்கிலேயர் அறிவித்த 1968ஆம் ஆண்டில், தீபாவளிக்குத் துணி எடுக்காமல் நம் இரண்டு வீட்டிலும் பழைய பாவாடையையே துவைத்துக் கட்டிவிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கரையில் வீடு வாங்குகிறவர்களுக்கு அங்கே உழைத்தவர்கள் யார் என்று தெரிய வேண்டும் என்பதே என் ஆசை. டர்பன் சாலை, மால்டா கிரசெண்ட், ஜிப்ரால்டர் கிரசெண்ட் என்று ஆங்கிலேயர் வைத்த பெயர்கள் அப்படியே நிற்கின்றன. துரு சுரண்டிய தமிழர்களின், மலையாளிகளின் பெயரைச் சொல்லும் ஒரு பலகையாவது அந்தக் கரையில் வர வேண்டும். சமூக மன்றக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்திலும் சொல்வேன். உன்னிடம் உன் அப்பா பட்டறை வாசலில் எடுத்துக்கொண்ட படம் இருந்தால் ஒரு பிரதி அனுப்பு.

உன் அண்ணன் மகனிடம் சொல். வீட்டைச் சனிக்கிழமை மாலையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். வேலை நாளில் காலை ஏழரைக்குக் கேன்பராவில் ஏறித் தன் அலுவலகம்வரை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அது அவனுக்குத் தாங்கும் என்றால் வாங்கட்டும். இங்கேயே நிலைத்திருக்க வருகிறான் என்றால் எனக்கு மகன் ஒருவன் பக்கத்தில் வந்த மாதிரி. வீடு பார்க்க வரும் அன்று என் வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பு பிடிக்குமா, சைவமா என்று மட்டும் எழுது.

நீயும் பங்குனி உத்திரத்துக்கு வரப் பார். புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் யீஷூனுக்குப் போய் ஆண்டுகள் பல ஆனாலும், காவடிக்கு நம் பழைய தளத்து முகங்கள் இன்றும் அங்கே கூடுகின்றன. போன ஆண்டு நான்கு பேர் உன்னைக் கேட்டார்கள். மறுநாள் முட்டையை எடுத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றுக்குப் போவோம். உன் முழங்காலுக்கும் நல்லது.

அன்புடன்,
உன் பழைய அண்டை வீட்டுக்காரி