என் தம்பியைத் தூக்காமல் இருந்தவர்களுக்கு நன்றி

சோழவந்தான் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் தம்பிக்கு உதவியவர்கள் பலர். வீடு வீடாகப் போய்ச் சொல்லி முடியாது, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, அவனைத் தூக்காதவர்களுக்கு. "காலை அசைக்க முடியல" என்று அவன் சொன்னதும் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் ஏற்றத்தான் யாருக்கும் தோன்றும். தோப்பில் இருந்த அண்ணன்மார் அதற்கு விடவில்லை. ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் 108 வரும்வரை துண்டை விரித்து நிழல் கொடுத்திருக்கிறார்கள். உடைந்த எலும்பு நகர்ந்தால் மிச்சமிருக்கும் நரம்பும் நசுங்கிவிடுமாம். வந்த 108 தம்பிகளும் உடம்பு முறுகாமல் மரக்கட்டையைப் போல ஒருசேரப் புரட்டித்தான் பலகையில் ஏற்றினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் முதுகெலும்பில் டி12 என்கிற எலும்பு நொறுங்கியிருப்பதாகச் சொல்லி, கம்பியும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது. ஆபரேஷன் எலும்பை அசையாமல் நிறுத்தும், காலுக்கு உணர்வு வரும் என்று சொல்ல முடியாது என மழுப்பாமல் பேசிய டாக்டரம்மாவுக்குத் தனி நன்றி.

அப்புறம்தான் பெரிய வேலை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியும்தான். பக்கத்துக் கட்டில் உசிலம்பட்டி அம்மா, படுக்கைப்புண் வந்த மகனை மறுபடி சேர்த்திருந்தவர். "வால் எலும்பையும் குதிகாலையும் டார்ச் அடிச்சுப் பாரு. செவந்திருந்தா அந்தப் பக்கம் படுக்க வைக்காத" என்று பாடமே நடத்தினார். தம்பிக்குப் புண் வராததற்கு மருந்தைவிட அவர்தான் காரணம் என்பேன்.

4 மணி நேரத்துக்கு ஒருமுறை ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுக்க அவனையே பழக்கிய சிஸ்டருக்கும் நன்றி. சிறுநீர் தேங்கினால் கிருமி, அது மேலே ஏறினால் கிட்னிக்கு ஆபத்து. அவன் கூச்சம் போக அவர் அடித்த கிண்டல்களை இங்கே எழுத முடியாது!

வீல்சேர் ஏற 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்றார் பிசியோ. எங்கள் சந்தில் இடம் ஏது? பக்கத்து வீட்டு அத்தை தன் வாசலில் பாதியை விட்டுக்கொடுத்தார். கொத்தனார் மாமா கூலி வாங்கவில்லை.

தண்ணீர் மெத்தை இரவல் தந்த பாய் அதைத் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தம்பி இப்போது தானே புரண்டு படுக்கிறான், மெத்தை சும்மா கிடக்கிறது. தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஓட்டை இல்லை, தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிட்டேன்.