மாநில வெற்றியை நம்பி மக்களவையைக் கலைக்காதீர்கள்: மலேசிய ஒற்றுமை அரசாங்கக் கட்சித் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். ஒரு மாநிலத் தேர்தல் சாதகமாக முடிந்தால் போதும், "இந்தச் சூட்டோடு பொதுத் தேர்தலையும் முடித்துவிடலாம்" என்ற பேச்சு கட்சி வட்டாரத்தில் கிளம்பிவிடுகிறது. தேர்தல் எண்களோடு பல காலம் பழகியவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறோம்: அந்த வெற்றியை அளவுகோலாக வைத்துக் கலைப்புத் தேதியைக் குறிக்காதீர்கள். 2022-இல் தேசிய முன்னணிக் கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோவின் தலைமை அப்படித்தான் குறித்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2021 நவம்பரில் மலாக்கா மாநிலத் தேர்தலின் 28 தொகுதிகளில் தேசிய முன்னணிக்கு 21 கிடைத்தன. 2022 மார்ச்சில் ஜொகூரின் 56-இல் 40. இடங்களைப் பார்த்தால் அலை அடித்தது போலத்தான் இருக்கும். வாக்குகளைப் பார்த்தால், மலாக்காவில் ஏறக்குறைய 38 சதவீதம், ஜொகூரில் 43. எதிரில் நின்றவர்கள் சிதறியதால் வந்த இடங்கள் அவை. இரண்டு மாநிலங்களிலும் எதிர் அணிகளில் ஒன்றான பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி 24 சதவீதத்தை ஒட்டி வாக்கு வாங்கியது. இடங்கள் மட்டும் 2, 3 என்று நின்றுவிட்டன. அந்த 24 சதவீதத்தைத்தான் பலரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது, யார் வாக்களித்தார்கள் என்பது. மலாக்கா வாக்காளர் பட்டியலில் 18 வயதினர் கிடையாது. 18 வயது வாக்குரிமையும், தகுதியானவர் பெயர் தானாகவே பட்டியலில் சேரும் தானியங்கிப் பதிவும் நடைமுறைக்கு வந்தது அதற்குப் பிறகு, 2021 டிசம்பர் 15-இல். ஜொகூரில் அவர்கள் பட்டியலில் இருந்தார்கள், ஆனால் வாக்குப்பதிவே 55 சதவீதத்தை ஒட்டித்தான். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜொகூர்க்காரர்கள் நினைத்தபோது ஊர் திரும்ப வழியில்லை. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது ஏப்ரல் 1-இல், வாக்குப்பதிவோ மார்ச் 12-இல். மூன்று வாரத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒரு பெரும் வாக்காளர் கூட்டம் கணக்கிலிருந்து விடுபட்டுப்போனது.

2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் அந்தக் கூட்டம் வந்தது. 2018-இல் 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 21.1 மில்லியனைத் தாண்டியிருந்தது. அதில் 18 முதல் 20 வயதுக்குள் இருந்தவர்கள் மட்டும் சுமார் 1.4 மில்லியன். வாக்குப்பதிவு 74 சதவீதத்தை ஒட்டிப் போனது. தேசிய முன்னணிக்கு 30 இடங்கள், அதன் உறுப்புக் கட்சியான ம.இ.கா.வுக்கு (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தாப்பா தொகுதி மட்டும். பெரிக்காத்தானுக்கு 73, தேர்தல் டிசம்பருக்குத் தள்ளிப்போன பாடாங் செராய் தொகுதியும் சேர்ந்து 74. மாநிலத்தில் மூன்றாம் இடத்தில் இருந்த அணி, பொதுத் தேர்தலில் தேசிய முன்னணியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடித்தது.

இது கட்சிக்கு வந்த நட்டம். நாட்டுக்கு வந்த நட்டத்தையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 7-இல் 372.3 பில்லியன் ரிங்கிட் வரவு செலவுத் திட்டம் தாக்கலானது. மூன்றே நாளில், அக்டோபர் 10-இல், நாடாளுமன்றம் கலைந்தது. விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. புதிய அரசாங்கம் டிசம்பரில் இடைக்காலச் செலவுக்கு ஒப்புதல் வாங்கி, 2023 பிப்ரவரி 24-இல் முழுத் திட்டத்தைப் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது.

பருவமழை இன்னொன்று. வாக்குச்சாவடியாகும் பள்ளிக்கூடம்தான் பல ஊர்களில் வெள்ள நிவாரண மையமும். ஒரே மண்டபத்தில் வாக்குப்பெட்டியையும் பாயையும் விரிக்க முடியாது. சரவாக்கின் பாராம் தொகுதியில் மோசமான வானிலையால் சில வாக்குச்சாவடிகளுக்கு வாக்குப்பதிவே தள்ளிப்போனது. இது முன்கூட்டியே தெரியாத ஆபத்தல்ல. 2021 டிசம்பர் வெள்ளத்தின் ஈரம் காய்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

அஞ்சல் வாக்குதான் எங்களை அதிகம் வருத்துவது. வேட்புமனுத் தாக்கல் முடிந்து வேட்பாளர் பெயர்கள் உறுதியான பிறகே வாக்குச்சீட்டு அச்சாகும். 2022-இல் மனுத்தாக்கல் நவம்பர் 5, வாக்குப்பதிவு 19. அச்சாகி, உறையிலிட்டு, லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ போய், சாட்சிக் கையொப்பத்தோடு திரும்பித் தேர்தல் அதிகாரியின் கையில் சேர இருந்தது அந்த 14 நாள்தான். பலருக்குச் சீட்டே தாமதமாகக் கிடைத்தது. விமானம் ஏறும் முகமறியாதவர்களிடம் உறையைக் கொடுத்தனுப்பும் நிலை 2018-லும் வந்தது, 2022-லும் வந்தது. வாக்களிக்க இவ்வளவு பாடுபடுகிறவர்களை ஒரு தேதிக் கணக்கு தோற்கடிப்பது அநியாயம்.

அவகாசம் சட்டத்தில் இருந்தது. கலைப்பிலிருந்து 60 நாள் வரை அரசியலமைப்பு இடம் தருகிறது. 2022-இல் பயன்பட்டது 40 நாள். மீதமிருந்த 20 நாளில் ஒரு வாரத்தைப் பிரச்சாரக் காலத்தோடு சேர்த்திருந்தாலே அஞ்சல் உறைகள் போய்வந்திருக்கும்.

ஆகவே, கலைப்புக்கு மாமன்னரின் இசைவு கேட்டுப் போவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தால் அது நிறைவேறும்வரை கலைக்காதீர்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை வாக்குப்பதிவு வேண்டாம். மனுத்தாக்கலுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 21 நாள் விடும்படி தேர்தல் ஆணையத்திடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். உங்கள் வியூகக் குழு கொண்டுவரும் தாளில், வென்ற இடங்களுக்குப் பக்கத்திலேயே வாக்கு விகிதம், வாக்குப்பதிவு விகிதம், மூன்றாம் அணியின் வாக்கு ஆகிய மூன்று பத்திகளும் இருக்க வேண்டும். அவை இல்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தேர்தல் நடைமுறைகளைக் கவனித்துவரும் மலேசிய வாக்காளர்கள் சிலர்