ஆசிரியர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: முடிவெடுப்பதற்கு முன் எங்களிடம் கேளுங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு விதிப்படி கூடியது, கோரம், அதாவது தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் எந்தக் கூட்டமும் தள்ளிப்போகவில்லை. தணிக்கை முடிந்த கணக்கைப் பொருளாளர் தனியாகத் தருகிறார். ஓய்வுபெற்ற உறுப்பினர்களுக்கு வழியனுப்பு விழா நடத்தினோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில், அதாவது மொத்தமாக ஒரு தொகைக்கு ஆண்டு ஒப்பந்தத்தில், இருப்பவர்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தையும் சக்தியையும் அதிகம் எடுத்துக்கொண்டது ஒரே கேள்விதான்: பல்கலைக்கழக நிர்வாகத்தில் ஆசிரியர்களுக்கு உண்மையில் என்ன பங்கு இருக்கிறது? காகிதத்தில் பார்த்தால் நிறையவே இருக்கிறது. பாடத்திட்டக் குழு, கல்வி விஷயங்களில் பரிந்துரை செய்யும் கல்விக் குழு, கடைசி முடிவெடுக்கும் ஆட்சிக் குழு என்று எல்லாவற்றிலும் நம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்திருப்பதும் பங்கெடுப்பதும் ஒன்றல்ல என்பதை அகமதிப்பீட்டு (பருவம் முழுக்க ஆசிரியரே பார்த்துப் போடும் மதிப்பெண்) விவகாரம் நன்றாகவே காட்டிவிட்டது.

நடந்ததை எல்லோரும் அறிவீர்கள், இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். அகமதிப்பீட்டுக்கும் பருவத்தேர்வுக்கும் இடையிலான மதிப்பெண் பங்கீட்டை மாற்றும் முன்மொழிவு கல்விக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இல்லை. கூட்டம் முடியும் நேரத்தில் 'தலைவரின் அனுமதியுடன் பிற பொருள்' என்று மேசையில் வைத்தார்கள், பலர் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள், மறுநாள் வந்த சுற்றறிக்கையோ 'கல்விக் குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டபடி' என்று தொடங்கியது. செய்முறைப் பாடங்களில் வாரா வாரம் ஆய்வகத்தில் பார்த்துப் போடும் மதிப்பெண்ணை ஒரே தேர்வில் அடக்க முடியாது என்பது அந்தப் பாடம் நடத்தும் யாருக்கும் தெரியும். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. விளைவு, பருவத்தின் நடுவில் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று சுற்றறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன, எந்த முறையில் மதிப்பெண் வரும் என்று தெரியாமல் மாணவர்கள்தான் தவித்தார்கள்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம்தான் காரணம். அந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது எப்போதும் ஆசிரியரின் கருத்துதான், அதை ஏற்றுக்கொள்ள முடியாது.

எனவே சங்கம் நான்கு கோரிக்கைகளை எழுத்தில் வைத்தது. கூட்டத்துக்கான தாள்கள் குறைந்தது ஒரு வாரம் முன்னால் வர வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இல்லாமல் கூட்டத்தில் நேராக வைக்கும் மேசைப் பொருள் என்றால் அவசரம் என்ன என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும். வரைவு நடவடிக்கைக் குறிப்பு உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு வந்த பிறகே உறுதி செய்யப்பட வேண்டும். கல்விக் குழுவின் பரிந்துரையை ஆட்சிக் குழு மாற்றினாலோ நிராகரித்தாலோ காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் நடைமுறைக்கு வந்துவிட்டன. மேசைப் பொருள் விஷயத்தில் பாதி வழிதான் வந்திருக்கிறோம், 'அவசரம்' என்ற ஒற்றைச் சொல்லையே காரணமாக எழுதுகிறார்கள். நான்காவது இன்னும் பேச்சுவார்த்தையில்தான் நிற்கிறது. என் கணிப்பில் நான்கில் முக்கியமானதே அதுதான்.

ஏன் என்றால், கடைசி அதிகாரம் ஆட்சிக் குழுவிடம் இருப்பதை நாம் எதிர்க்கவில்லை. அந்த அதிகாரத்தைக் காரணம் சொல்லாமல் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறோம். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1966-இல் வெளியிட்ட நிர்வாக அறிக்கை இதைத்தான் சொல்கிறது: பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு போன்றவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது, மேலே இருப்பவர்கள் அதை மறுப்பது விதிவிலக்கான சூழலில் மட்டுமே இருக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை ஆசிரியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கவனியுங்கள், அந்த அறிக்கையை ஆசிரியர்கள் தனியாக எழுதவில்லை, கல்வி நிறுவனங்களின் கவுன்சிலும் ஆட்சிக் குழுக்களின் கூட்டமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. யுனெஸ்கோவின் 1997 பரிந்துரை இன்னும் ஒரு படி மேலே போய், நிர்வாகக் குழுக்களில் பங்கெடுப்பதும், சொந்த நிறுவனம் உட்பட உயர்கல்வி நிறுவனங்களின் செயல்பாட்டை விமர்சிப்பதும், கல்விசார் குழுக்களில் பெரும்பான்மைப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதும் உயர்கல்வி ஆசிரியரின் உரிமை என்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1920-இலேயே, ஆசிரியர்கள் போராடிய பிறகு, பாடங்கள், சேர்க்கைத் தகுதி, பட்டம் ஆகியவற்றை ஆசிரியர்களின் அவையான செனட்டின் பொறுப்பில் விட்டார்கள், இன்றைக்கும் அது அப்படியே நடக்கிறது.

எதிர்த்திசையில் போன நாடுகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 2003-இல் வந்த சட்டம், ஆசிரியர்கள் உள்ளிட்டோர் வாக்களித்துப் பல்கலைக்கழகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை எடுத்துவிட்டு, வெளியாட்கள் பெரும்பான்மையாக இருக்கும் குழு தலைவரை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஜப்பானில் 2014-இல் சட்டத்தைத் திருத்தி, பேராசிரியர் குழு கருத்து சொல்லும் அமைப்பு மட்டுமே என்று ஆக்கினார்கள். இரண்டு இடத்திலும் சொல்லப்பட்ட வாதம் ஒன்றுதான்: ஆசிரியர்களைக் கேட்டால் முடிவு தாமதமாகும். தாமதமாகும்தான். ஆனால் கேட்காமல் எடுத்த முடிவைத் திருத்த நாம் இந்த ஆண்டு செலவழித்த காலத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வாதத்தை அப்படியே நம்ப மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஆசிரியர்களே முடிவு செய்ய வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கட்டட ஒப்பந்தமோ கணக்குத் தணிக்கையோ நம் வேலை இல்லை. மாணவர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் அவரவர் பங்கு இருக்கிறது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 1973-இல் கொடுத்த தீர்ப்பில் இந்தச் சமநிலை நன்றாகத் தெரிகிறது: குழுக்களில் எல்லாத் தரப்புக்கும் பிரதிநிதித்துவம் தரலாம், ஆனால் கற்பித்தல் பற்றிய முடிவுகளில் பேராசிரியர்களுக்குப் பாதி வாக்காவது இருக்க வேண்டும், ஆராய்ச்சி பற்றியவற்றில் அவர்கள் வாக்கே தீர்மானிக்க வேண்டும் என்றது.

சங்கம் என்றால் ஊதியம், பணி நிலைமை பேசினால் போதாதா, இதெல்லாம் எதற்கு என்று சில மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொழிற்சங்க வேலையும் நிர்வாகத்தில் பங்கும் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல், யெஷிவா பல்கலைக்கழக வழக்கில், பல்கலைக்கழக முடிவுகளில் பெரிய செல்வாக்கு உள்ள ஆசிரியர்கள் நிர்வாகிகளே, தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. என் கருத்து, கல்விக் குழுவில் பேசுவதற்குப் பதிலாகச் சங்கம் பேசக் கூடாது, அங்கே பேசுபவர்கள் பயமில்லாமல் பேசுவதற்கான பின்பலமாகச் சங்கம் இருக்க வேண்டும்.

அப்புறம், நம் பக்கத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். கல்விக் குழுவில் பதவி வழியாக வருபவர்களே அதிகம், தேர்தல் மூலம் வருபவர்கள் குறைவு. அந்தக் குறைந்த இடங்களுக்கும் இந்த முறை பெரும்பாலும் போட்டியே இல்லை. காரணம் சோம்பல் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. குழு வேலை பணிச்சுமையில் கணக்கில் வருவதில்லை, பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் அதற்கு மதிப்பில்லை, அதிகமாகப் பேசினால் அடுத்த நேர்காணலில் பாதிப்பு வருமோ என்ற கவலை இளையவர்களுக்கு நிஜமாகவே இருக்கிறது. பெண் ஆசிரியர்களை விழாக் குழுவிலும் வரவேற்புக் குழுவிலும் போடுகிறோம், நிதிக் குழு என்று வந்தால் அவர்கள் பெயர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இது நிர்வாகம் செய்ததல்ல, துறைகளில் நாமே செய்வது, நாமே மாற்றலாம்.

தொகுப்பூதிய ஆசிரியர்கள் விஷயம் இதைவிடக் கடினம். பல துறைகளில் இளநிலை வகுப்புகளில் பாதிக்கு மேல் அவர்கள்தான் எடுக்கிறார்கள், வினாத்தாள் அமைக்கிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள். ஆனால் பாடத்திட்டக் குழுவில் அவர்களுக்கு வாக்கு கிடையாது. அவர்களுடைய ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் சுதந்திரமாகப் பேச முடியாது என்று ஒரு தரப்பு சொல்கிறது. சரி, அப்படியானால் பாதுகாப்பைக் கூட்டுவோம், வாக்கைப் பறிப்பது அதற்குத் தீர்வாகாது. குழுவில் சொன்ன கருத்தைக் காரணமாக வைத்து யாருடைய ஒப்பந்தத்தையும் நிறுத்தக் கூடாது என்ற விதியும், துறைக்கு ஒரு பிரதிநிதியும் வேண்டும் என்று செயற்குழு தீர்மான வரைவு தயாரித்திருக்கிறது. செயற்குழுவிலேயே இதில் கருத்து வேறுபாடு இருந்தது, அதையும் குறிப்பில் பதிவு செய்திருக்கிறோம்.

நிதி நிலை அறிக்கையை வாசிப்பது எப்படி என்று பொருளாளர் நடத்திய மாலை வகுப்புகளுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். எந்தத் தலைப்பில் ஒதுக்கிய பணம் எந்தத் தலைப்புக்கு மாறுகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே கூட்டத்தின் போக்கு மாறுகிறது. பொருளாளருக்குச் சங்கத்தின் நன்றி.

வரும் பொதுக்குழுவின் முன் இரண்டு பொருள்கள் இருக்கின்றன: காரணத்தை எழுத்தில் கேட்கும் நான்காவது கோரிக்கையைத் தொடர்வது, தொகுப்பூதிய ஆசிரியர்களுக்கான தீர்மானம். இரண்டின் வரைவும் இந்த அறிக்கையோடு வருகின்றன. திருத்தம் தர விரும்புபவர்கள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், வழிமொழிபவர் கையெழுத்தோடு, என்னிடம் கொடுத்துவிடுங்கள். மேசைப் பொருளாக எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

செயலாளர்