ஜேன் மேனிங் ஜேம்ஸ்: நீங்கள் சொல்லாமல் விடும் பாதி

பெறுநர்:
பிரதான தலைமையினர்,
பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை,
சால்ட் லேக் சிட்டி, யூட்டா.

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. யூட்டாவுக்குக் குடிவந்த பிறகு அக்கம்பக்கத்தார் அன்பாக அழைப்பதால் 1847-இல் உங்கள் சபையினர் யூட்டா வந்து சேர்ந்ததைக் கொண்டாடும் ஜூலை 24 முன்னோடிகள் தின விழாக்களுக்குப் போய்வருபவள். இந்த ஆண்டு போன இடத்தில் ஒரு சிறுவர் நாடகம்: 1843-இல், அன்று உங்கள் சபையினர் கூடியிருந்த இல்லினாய் மாநில நாவூ நகரத்துக்கு நடந்தே போன கறுப்பினப் பெண் ஜேன் மேனிங்கின் கதை. எங்கே, யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். பிள்ளைகள் அருமையாக நடித்தார்கள். ஜேன் மேனிங்காக வந்த சிறுமி பாதத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, அட்டையில் வெட்டிய மரங்களுக்கு நடுவே நொண்டி நொண்டி நடந்தாள். முழங்காலிட்டு ஜெபித்தாள். கால் குணமானது. எல்லோரும் பாடினார்கள், கைதட்டினார்கள், அப்புறம் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள்.

கதை அதோடு முடிந்துவிட்டது. அதாவது 1843-இலேயே முடிந்துவிட்டது. ஜேன் இறந்ததோ 1908-இல். நடுவில் உள்ள 65 ஆண்டுகள் எங்கே போயின என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களுக்கு நான் வரலாறு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆவணங்களே உங்கள் காப்பகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த நாடகத்தில், அவர்கள் ஏன் நடந்தார்கள் என்பதுகூட வரவில்லை. கனெக்டிகட்டிலிருந்து மற்ற விசுவாசிகளோடுதான் அந்தக் குடும்பமும் கிளம்பியது. தாய், உடன்பிறந்தவர்கள், ஜேனின் சின்ன மகன் எல்லோரும் இருந்தார்கள். பஃபலோவில் படகுக்காரர்கள் பேசியபடி நடக்காமல் கட்டணத்தை அங்கேயே கேட்டு, இவர்களை மேலே ஏற்றிப்போக மறுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் பயணத்தைத் தொடர்ந்தார்கள். கறுப்பினக் குடும்பம் 800 மைலுக்கு மேல் நடந்தது. பியோரியாவில் அடிமைகள் இல்லை என்பதற்குப் பத்திரம் எங்கே என்று கேட்டு, சிறையில் போடுவோம் என்று மிரட்டினார்கள். பிறவியிலேயே சுதந்திரமானவர்கள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்?

நாவூவில் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் வீட்டில் ஜேனுக்கு இடம் கிடைத்தது. அவர் மனைவி எம்மா ஸ்மித் ஒருநாள், "எங்கள் குடும்பத்தில் பிள்ளையாகச் சேர்ந்துகொள்கிறாயா?" என்று கேட்டார். ஜேனுக்கு அது என்னவென்று விளங்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு பதிலைத்தான் அவர் பிறகு வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொள்ளப் பார்த்தார்.

1847-இல் கணவர் ஐசக் ஜேம்ஸோடும் பிள்ளைகளோடும் சால்ட் லேக் பள்ளத்தாக்கிற்கு வந்தவர் அவர். 1849-இல் சபையைச் சேர்ந்த எலைசா லைமன் என்ற பெண்ணின் கணவர் ஊழியத்துக்காகக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். வீட்டில் ரொட்டி சுட மாவில்லை. ஜேன் தன்னிடம் இருந்ததில் பாதியை, இரண்டு பவுண்டு மாவை, அளந்து கொடுத்தார். எலைசாவே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தது இது. அந்த ஊரில் அன்று மாவு என்ன பாடு பட்டுக் கிடைத்தது என்பதும் நீங்கள் அறிந்ததுதான்.

இனி, நாடகத்துக்கு வராத பாதி.

1852-இல் அன்றைய தலைவர் பிரிகாம் யங் அறிவித்த தடையால், கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் என்ற குருப்பதவியும் இல்லை, நியமங்கள் எனப்படும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் இல்லை. ஜோசப் ஸ்மித் காலத்தில் கறுப்பினத்தவரான எலைஜா ஏபலுக்கு ஆசாரியத்துவம் கொடுத்த அதே சபையில்தான் இது. 1884-இல் ஜேன் அன்றைய தலைவர் ஜான் டெய்லருக்குக் கடிதம் அனுப்பினார். ஆபிரகாமின் சந்ததியில் பூமியின் ஜாதிகள் எல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்று தேவன் சொல்லியிருக்கிறாரே, எனக்கு ஓர் ஆசீர்வாதமும் இல்லையா என்று கேட்டார். 1888-இல் ஒரு சீட்டு வந்தது: இறந்துபோன உறவினர்களுக்காக ஞானஸ்நானம் பெற ஆலயத்துக்குள் வரலாம், இந்தச் சலுகையோடு திருப்தியாக இருக்க வேண்டும். அவர் திருப்தி அடையவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்தில் பிள்ளையாக முத்திரிக்க, அதாவது நித்தியத்துக்கும் இணைக்க, சொல்லிக் கேட்டார். அவர்களே முன்பு கொடுக்க முன்வந்ததுதானே அது.

1894 மே மாதம் பதில் கிடைத்தது. பிள்ளையாக அல்ல, நித்தியத்துக்கும் வேலைக்காரியாக அவரை ஜோசப் ஸ்மித்தோடு இணைத்தார்கள். அதற்கென்றே ஒரு சடங்கை உருவாக்கினார்கள். எல்லாவற்றிலும் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்தச் சடங்கு நடந்தபோது ஜேன் உள்ளே இல்லை. அவருக்குப் பதிலாக வேறொரு பெண்மணி நின்றார். செத்தவர்களுக்காகத்தான் இன்னொருவர் நிற்பது வழக்கம். ஜேன் 70 வயதைத் தாண்டியவராக, அதே நகரத்தில், உயிரோடு இருந்தார்.

இதை எழுதும்போது என் கை நிதானமாக இல்லை. கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் அந்த அம்மாள் சபையை விட்டுப் போகவில்லை. முதுமையில் சொல்லி எழுதவைத்த வாழ்க்கைக் குறிப்பில், ஞானஸ்நானம் எடுத்த நாளைவிட இன்று என் விசுவாசம் பலமாக இருக்கிறது என்கிறார். தசமபாகம் கொடுக்கிறேன், ஞான வார்த்தை என்ற உணவு, உடல்நல விதியைக் கைக்கொள்கிறேன், காலாகாலத்தில் படுத்து எழுகிறேன் என்று கணக்குக் கொடுக்கிறார். கணவர் விட்டுப் போனார், பிள்ளைகளில் இருவரைத் தவிர எல்லோரையும் புதைத்தார். மேடையில் காட்ட வேண்டிய விசுவாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கால் ஆறியது ஒரு ஜெபத்தில் முடிந்தது. இதுவோ அவர் சாகும்வரை ஆறவில்லை.

எனவே என் கோரிக்கை: ஜேன் நடந்ததைச் சொல்லும் இடத்திலெல்லாம், அவர் கேட்டதையும் சபை மறுத்ததையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாம் எங்கள் வலைத்தளத்தில் இருக்கிறது என்று பதில் வரலாம். தெரியும், நானும் அங்கே படித்திருக்கிறேன். தோலின் நிறத்தை சாபமாகப் பேசிய பழைய விளக்கங்களை சபை இப்போது ஏற்பதில்லை என்ற 2013 கட்டுரையையும் படித்தேன். தேடிப் படிப்பவருக்குக் கட்டுரை, கூடி உட்காருபவருக்குச் சிவப்புச் சாயம் என்றால் எப்படி?

இது ஜேனோடு நிற்கும் விஷயமும் இல்லை. உடைமைகளைக் கைவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு யூட்டாவுக்கு நடந்த 1856 கைவண்டிக் குழுக்களையும் இப்படித்தான் கொண்டாடுகிறோம். வில்லி, மார்ட்டின் குழுக்கள் ஆகஸ்ட் மாதம் தாமதமாகப் புறப்பட்டபோது, கூடவே பயணித்த லீவை சாவேஜ் வேண்டாம் என்று எச்சரித்தார். விசுவாசக் குறைவு என்று அவரை அடக்கினார்கள். பச்சை மரத்தில் செய்த வண்டிகள் வழியில் உடைந்தன. வயோமிங் பனியில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். ஆண்டுதோறும் இளைஞர்கள் கைவண்டி இழுத்துப் பார்க்கிறார்கள், சரி. சாவேஜின் எச்சரிக்கையையும் யாராவது ஒருவர் நடித்துக் காட்டலாமே! தாங்கியவர்களின் பொறுமையைப் புகழ்வதில் மேலிடங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தாங்க வைத்தது யார் என்ற கேள்வி எழாது. இது உங்கள் சபைக்கு மட்டும் உள்ள பழக்கமும் அல்ல.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் எழுதவில்லை. அது உங்களுக்கும் உங்கள் கறுப்பின உறுப்பினர்களுக்கும் இடையில் பேசித் தீர வேண்டியது. வெளியாள் நுழைய எனக்கு உரிமையில்லை. தடை 1978 ஜூனில் நீங்கியது, மறுஆண்டு ஜேனுக்காக அந்த நியமங்கள் நிறைவேற்றப்பட்டன என்பதையும் அறிவேன். அதையும் சொல்லுங்கள். ஆனால் 1843-இலிருந்து நேரே அங்கே தாவாமல், 1884-ஐயும் 1894-ஐயும் தொட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதத்தில் ரத்தம் வந்ததைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பியதும் புரியும்.

அடுத்த ஜூலை 24-க்குள், விழா நடத்தும் சபைகளுக்கும் பாடம் எழுதும் குழுக்களுக்கும் இது குறித்து ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கம் போதும். 1884 கடிதத்தை அப்படியே நகலெடுத்து அதோடு இணைத்தாலும் சரி.

மரியாதையுடன்,
யூட்டாவில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்