மேப்பிள் நிழலில் வெள்ளி இலை

ஸ்காபரோ,
சித்திரை மாதம்.

அன்புள்ள நண்பர் சிவபாலனுக்கு,

உமது கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமலே வளவைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்து நானும் மனைவியும் மிகவும் மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். மகள் வேலை மாறி வின்னிபெக்குக்குப் போய்விட்டதால் வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. எனக்குத் தோட்டத்துக்கு நேரம் கூடியிருக்கிறது.

பின்வளவில் மரத்தின் கீழ் இந்த ஆண்டும் புல் விதைக்கலாமா என்று கேட்டிருந்தீர். வேண்டாம் என்பதே என் பதில். சென்ற கோடையில் எடுத்த படங்களைப் பார்த்தால் அது நோர்வே மேப்பிள் என்றே தோன்றுகிறது. இலை விட்டதும் ஒரு காம்பை ஒடித்துப் பாரும், பால் வடிந்தால் ஐயமில்லை. எல்ம் மரங்கள் நோயில் அழிந்தபோது அவற்றின் இடத்தை நிரப்ப இந்நாட்டு நகரங்களில் ஏராளமாக நடப்பட்ட மரம் அது. அதன் நிழல் அடர்த்தியானது. வேர்களோ மேல்மண்ணிலேயே பின்னிக் கிடந்து மழைநீரை முதலில் குடித்துவிடும். வெளிச்சமும் இல்லை, ஈரமும் இல்லை என்ற இடத்தில் புல்லுக்கு எவ்வளவு செலவழித்தாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

அவ்விடத்துக்கு நான் சொல்லக்கூடியது லேமியம் என்ற படர்செடி. ஒரு சாணுக்கு மேல் உயராது, அகலத்தில் இரண்டு மூன்று அடி பரவும், ஒட்டாவாக் குளிரையும் தாங்கிப் பல்லாண்டு நிற்கும். இலை, தொட்டால் சுணைக்கும் காஞ்சோண்டியை நினைவூட்டினாலும் கடிக்காது. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாரும். நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிரே சோடியாக நிற்கும், பூவுக்கு இரண்டு உதடுகள் இருக்கும். ஆம், நம்மூர்த் துளசியும் தும்பையும் சேர்ந்த அதே குடும்பம்தான். வைற் நான்சி என்ற வகை வைகாசியில் வெள்ளையாகப் பூக்கும்போது, வேலியோரத்துத் தும்பையை அறிந்த நமக்கு அந்த உறவை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அதன் பெருமை பூவில் இல்லை, இலையில்தான். வைற் நான்சியின் இலையில் விளிம்பில் மட்டும் மெல்லிய பச்சைக் கரை, உள்ளே முழுவதும் வெள்ளி. லவெண்டர் போன்ற வெயில் செடிகளின் வெள்ளி நிறம் மேலே படர்ந்த நுண்ணிய மயிர்களால் வருவது. வெயிலைத் தடுப்பதற்கான போர்வை அது. லேமியத்தின் வெள்ளி வேறு விதம். இலையின் மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள பச்சைத் திசுவுக்கும் இடையே காற்று நிரம்பிய மெல்லிய வெளிகள் இருப்பதால், அங்கே ஒளி சிதறித் திரும்புகிறது. அதனால்தான் மாலை மங்கும் நேரத்தில் மற்றச் செடிகள் இருளில் கரைந்த பிறகும் இது மட்டும் தனித்துத் தெரிகிறது. எனக்கு அதில் இன்னும் அலுக்கவில்லை.

பீக்கன் சில்வர் என்று ஊதாச் சாயலான இளஞ்சிவப்புப் பூவுடன் இன்னொரு வகையும் உண்டு. ஆனால் அதன் இலையில் செம்புள்ளிகள் விழுவதை நான் அடிக்கடி கண்டிருப்பதால், உமக்கு வைற் நான்சியையே சொல்வேன். அகன்ற இலை வேண்டுமென்றால் ப்ரனெரா இனத்து ஜாக் ஃப்ரொஸ்ற் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அமெரிக்காவில் தெரிவு செய்யப்பட்ட அழகி அது, ஆனால் படராமல் குத்தாகவே நிற்கும், மேப்பிள் வேர்களுக்கு நடுவே தாகம் தாங்காது.

நடும்போது மரத்தின் வேர்களை மண்வெட்டியால் வெட்டவும் வேண்டாம், அவற்றின் மேல் மண்ணைக் குவிக்கவும் வேண்டாம். இரண்டுமே மரத்துக்குக் கேடு. வேர்களுக்கு இடையில் கைக்கரண்டி நுழையும் இடங்களைத் தேடி, ஒரு பிடி கூட்டெரு இட்டு, ஒன்று அல்லது ஒன்றரை அடி இடைவெளியில் சிறு கன்றுகளாக நடும். பெரிய சாடிச் செடிகளை விடச் சிறு கன்றுகளே அங்கே எளிதில் பிடிக்கும். முதல் கோடை முழுவதும், மண் காயும் போதெல்லாம் ஆழமாக நீர் ஊற்ற வேண்டும். இதில் சோம்பினால் பலனில்லை. பூ முடிந்து ஆடி வெக்கையில் நடுப்பகுதி சோர்ந்து நெடுத்துப் போனால், தயங்காமல் பாதிக்குமேல் கத்தரித்து நீர் ஊற்றிவிடும். சில வாரங்களில் புதிய வெள்ளித் துளிர் வரும். இடையே முழுப் பச்சையாக வரும் கிளைகளையும் நாற்றுகளையும் உடனே பிடுங்கிவிடும், இல்லையேல் பலம் கூடிய பச்சை வெள்ளியை விழுங்கிவிடும். நோர்வே மேப்பிள் பிந்தி உதிர்க்கும் இலைகள் ஈரத்தில் ஒட்டிப் பாய்போல மூடிக்கொள்ளும் என்பதால், கார்த்திகையில் அவற்றை வாரி எடுப்பதும் அவசியம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதே இனத்தில் மஞ்சள் பூப் பூக்கும் உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் இலையிலும் வெள்ளித் திட்டுகள் உண்டு. நீண்ட கொடிகளை ஓட்டி, கணுவுக்குக் கணு வேர் ஊன்றி, வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்விடுவான். இங்கிலாந்தில் அவனைக் காட்டில் நட்டு வளர்ப்பது சட்டப்படி குற்றம். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆக்கிரமிப்புச் செடியாகவே கருதப்படுகிறான். உமது வளவு ஓடைக்கரையை ஒட்டியது. ஆகவே, யாராவது இலவசமாகத் தந்தாலும், பூவின் நிறத்தைக் கேட்காமல் வாங்கிவிடாதேயும்.

கடையில் வாங்கவும் தேவையில்லை. வைகாசிக் கடைசியில் நாங்கள் ஒட்டாவா வரும்போது என் பாத்தியிலிருந்து பிரித்துக் கொண்டு வருகிறேன். ஆனால் மண்ணோடு தரமாட்டேன். மேல்மண்ணைக் கெடுக்கும் துள்ளும் மண்புழுக்கள் ஒன்ராறியோவில் பரவிவருகின்றன. புழுக்கள் பனியில் செத்தாலும் அவற்றின் நுண்ணிய முட்டைக்கூடுகள் மண்ணில் தப்பிக் கிடக்கும். எனவே, வேர்களை நன்றாகக் கழுவி, ஈரத் துணியில் சுற்றியே எடுத்து வருவேன். வந்த அன்றே நட்டுவிட வேண்டும். குழி தோண்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், முழங்காலை மடக்காமல் நீர் கதிரையில் இருந்து இடத்தைக் காட்டினால் போதும். எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று அளந்து முன்கூட்டியே எழுதும்.

அன்புடன்,
உமது நண்பன்
கணேசன்