தாம்பரம்–வேளச்சேரி மெட்ரோலைட்: ஆய்வுக்குழுவின் பணி பற்றிச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால், சென்ற பொதுக்குழு ஒப்படைத்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இங்கே கூறுகிறேன். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரிவரை, சுமார் 15.5 கி.மீ. நீளத்துக்குப் பேசப்பட்டுவரும் மெட்ரோலைட், அதாவது இக்காலத்து டிராம், நம் சாலையில் ஓட முடியுமா என்று பார்த்துச் சொல்ல ஐவர் குழு ஒன்றை அமைத்தீர்கள். குழு பொறியாளர்களைக் கொண்டதன்று; ஆனால் இந்தச் சாலையில் தினமும் நின்று நின்று போகிறவர்களைக் கொண்டது.

மெட்ரோலைட்டுக்கான தர வரையறையை மத்திய அரசு 2019 ஜூலையில் வெளியிட்டது. நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர்வரை பயணம் செய்யும் தடங்களுக்கானது இது. மூன்று பெட்டிகளில் சுமார் 300 பேர் ஏறலாம். மெட்ரோவுக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் போதும் என்று சொல்லப்பட்டதால், முதல் கூட்டத்தில் எங்களுக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல்.

அந்தச் சிக்கனம் தண்டவாளம் தரையில் ஓடினால்தான் கிடைக்கும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வண்டிகள் குறைந்த நேரத்தில், கேம்ப் ரோடு சந்திப்பில் அளவுநாடாவுடன் இறங்கினோம். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்ட டீக்கடைக்காரர், எங்களைச் சர்வே ஆட்கள் என்று எண்ணி, "கடைய எப்ப சார் எடுக்கணும்?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. பெட்டியின் அகலம் 2.65 மீட்டர், போக ஒன்று, வர ஒன்று, இடைவெளி, நடைமேடை எல்லாம் சேர்ந்தால் சாலையில் இரண்டு தடங்களுக்கும் மேலாகப் போய்விடும். மீதியில் பேருந்து, லாரி, ஷேர் ஆட்டோ, இருசக்கர வண்டி அனைத்தும் நகர வேண்டும். மேடவாக்கத்திலோ, 2022இல் திறக்கப்பட்ட 2 கி.மீ. நீளப் பாலம் உட்பட இரு மேம்பாலங்கள் ஏற்கெனவே இடத்தை எடுத்துக்கொண்டுள்ளன. தூண்களின்மேல் கொண்டுபோகலாம் என்று சிலர் கூறுகின்றனர். அப்படியானால் டிராமின் மலிவும் போய்விடும், படி ஏறாமல் வண்டியேறும் வசதியும் போய்விடும்.

தனித்தடம் இல்லாமல் பிற வண்டிகளோடு கலந்து ஓடட்டும் என்ற கருத்தை எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே மறுத்தார். 1895இல் தொடங்கி 1953இல் நின்றுபோன சென்னை டிராமில் சிறுவனாகச் சென்றவர் அவர். தண்டவாளத்தில் ஒரு கட்டைவண்டி நின்றால் பின்னால் வரும் டிராம்கள் எல்லாம் மணியடித்தபடி நிற்கும் என்றார். இன்று கட்டைவண்டி இல்லை, தண்ணீர் லாரி இருக்கிறது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வெள்ளம்தான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022 முதல் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இத்தடத்தின் விளிம்பில் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அப்பகுதி எப்படி மூழ்கியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாழ்தள டிராமில் பயணிகள் நிற்கும் தளமே தண்டவாளத்துக்கு ஓரடி மேலேதான். சாலைப் பரப்போடு பதித்த தண்டவாளத்தின் பள்ளத்தில் சேறும் மணலும் அடைத்துக்கொள்ளும். தண்டவாள மட்டத்தைச் சற்று உயர்த்தினால் அதுவே நீரின் குறுக்கே ஒரு கரையாகி, ஒருபுறத்து வீடுகளுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும்.

சாலைக்குக் கீழே இருப்பதும் சிறிய விஷயமன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 2011இல் ஓட வேண்டிய டிராம் 2014 மே மாதம்தான் ஓடியது. 77 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், சாலையடியிலிருந்த குழாய்களையும் கேபிள்களையும் மாற்றியமைத்த வேலை. நம் சாலையடியில் எது எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு இருமுறை எழுதினோம். ஒப்புகைச் சீட்டு வந்தது; வரைபடம் வரவில்லை.

ஒரு சாதாரணக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 300 பேர் ஏறும் டிராம் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 3,600 பேர். 70 பேர் ஏறும் மாநகரப் பேருந்து நிமிடத்துக்கு ஒன்று, தனித்தடத்தில் தடையின்றி வந்தால் 4,200 பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு டிராம் வந்தால் 9,000 என்று தெளிவாக முந்துகிறது. இரண்டுக்கும் முதலில் வேண்டியது தனித்தடம்தான். டெல்லியில் ரிதாலா–நரேலா தடம் முதலில் மெட்ரோலைட்டாகத் திட்டமிடப்பட்டு, 2024 டிசம்பரில் வழக்கமான மெட்ரோவாகவே ஒப்புதல் பெற்றதையும் குழு கவனத்தில் கொண்டது.

எனவே, இன்றைய நிலையில் சாலை மட்டத்து டிராம் இத்தடத்தில் சாத்தியமில்லை என்பது குழுவில் நால்வரின் முடிவு. ஐந்தாமவர், இராஜகீழ்ப்பாக்கம் முதல் தாம்பரம்வரையாவது சோதிக்கலாம் என்று மாறுபட்ட குறிப்பு எழுதியுள்ளார். அதை அப்படியே இணைத்திருக்கிறேன்.

வேளச்சேரி–மேடவாக்கம் இடையே நெரிசல் நேரப் பேருந்துத் தடத்தை ஆறு மாதம் சோதனையாக ஒதுக்கக் கோரும் தீர்மானத்தையும், வரைபடம் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அளிக்கும் தீர்மானத்தையும் இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் அடுத்த அளவெடுப்பு பள்ளிக்கரணைப் பகுதியில் நடக்கும். நாடா பிடிக்க இருவர் தேவை. பெயரை இன்றே கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்